கம்பி ஆறிக் கிடக்க, பெட்டி மட்டும் ஏன் சுடுகிறது?

(சிங்கப்பூரின் டோபி காட்டில் நடந்த அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தின் பெயரே ஒரு தொழிலின் பெயர். டோபி என்றால் துணி வெளுப்பவர். காட் என்றால் படித்துறை. நம் ஊர்ப் பேச்சில் வண்ணாந்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பக்கமிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்தார்கள், பக்கத்துத் திடலில் காயப் போட்டார்கள். அந்த ஓடையை இன்று நீங்கள் பார்க்க முடியாது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆகிவிட்டது, பெரும்பகுதி சிமெண்டுக்கு அடியில் ஓடுகிறது. துவைத்தவர்களும் போய்விட்டார்கள். பெயர் மட்டும் எம்ஆர்டி ரயில் நிலையத்துச் சுவரில் தமிழிலும் எழுதி நிற்கிறது.

துவைப்பதோடு சலவை வேலை முடிவதில்லை. தேய்த்து மடித்துக் கொடுத்தால்தான் காசு. என் தாய்மாமாவும் அந்த வேலைதான் செய்தார், கும்பகோணத்தில், தள்ளுவண்டியில். அவருடைய இஸ்திரிப் பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும். இரும்பு உடம்பு, மரக் கைப்பிடி, வயிற்றில் கொட்டாங்கச்சிக் கரி. பனைவிசிறியால் விசிறி, கரி செவ்வென்று ஆனதும் மூடியைச் சாத்தி, அடியை ஈரத்துணியில் ஒற்றிப் பார்ப்பார். 'சொய்ங்' என்ற சத்தத்தைக் கேட்டே இது பட்டுக்கு ஆகும், இது கதருக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளை வேட்டியில் பொறி விழுந்து மிளகு அளவு ஓட்டை. அந்த மாத வருமானத்தில் ஒரு பகுதி வேட்டியாகப் போயிற்று. (இஸ்திரி என்ற சொல் போர்த்துகீசியர் விட்டுப்போனது, துணியை இழுத்து நீட்டுவதற்கு அவர்கள் சொன்ன சொல். நாம் அதைத் தமிழாக்கிப் பல தலைமுறை ஆகிறது.)

பிறகு ஒரு நாள் மாமா கரண்டுப் பெட்டி வாங்கினார். எனக்குப் பத்து வயது. "மாமா, கரி எங்கே?" என்று கேட்டேன். "எல்லாம் கம்பியில வருதுடா" என்றார். நான் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். ஆறிக் கிடந்தது. "கரி கம்பியில வருதுன்னா கம்பி ஏன் சுடல?" மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

நாற்பது ஆண்டு மின்வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். மாமாவிடம் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

செம்புக் கம்பிக்குள் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றபடி அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே எந்த அணுவுக்கும் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் திரிகின்றன. சுவிட்சைப் போட்டதும் மின்னழுத்தம் அவற்றைத் தள்ளுகிறது. தள்ளப்பட்டவை முட்டி மோதி, பெற்ற வேகத்தை அணுக்களிடம் பறிகொடுக்கின்றன. மறுபடி தள்ளு, மறுபடி மோதல். மோதல் வாங்கிய அணுக்கள் முன்னைவிட அதிகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வைத்தான் நம் விரல் சூடு என்று சொல்கிறது.

இங்கே ஒரு விஷயம். எலக்ட்ரான்கள் மின் நிலையத்திலிருந்து கிளம்பி உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வந்து சேர்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுவது. இஸ்திரிப் பெட்டிக் கம்பியில் இருக்கும் எலக்ட்ரான் கூட்டம் இந்தத் தள்ளலில் நகரும் தூரம், கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில்தான் உங்கள் சட்டைச் சுருக்கம் போகிறது.

சரி, மாமாவின் பெட்டிக்கு வருவோம். கம்பியிலும் இதே எலக்ட்ரான்கள், பெட்டிக்குள் இருக்கும் சுருளிலும் இதே எலக்ட்ரான்கள். ஒன்றில் மட்டும் ஏன் சூடு?

தைப்பூசத்தன்று தேக்காவில் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடந்திருக்கிறீர்களா? இந்தப் பக்கமாகத்தான் ஊர்வலம் போகும். அகன்ற சாலையில் போகும்போது தோள் உரசாமல் போகலாம். தடுப்பு போட்டுப் பாதையை ஒடுக்கிய இடத்தில் அதே கூட்டம், அதே வேகத்தில் போயாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வேர்வை, இடி, முழங்கைக் குத்து. ஆள் எண்ணிக்கை கூடவில்லை. இடம்தான் நெருக்குகிறது. அந்த நெருக்கலுக்குத்தான் மின்தடை என்று பெயர்.

செம்பு அகன்ற சாலை. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் சுருள் நைக்ரோம் என்ற கலவை, நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. அதே நீளம், அதே தடிமன் எடுத்தால் நைக்ரோமின் தடை செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல். அதை மெல்லியதாக இழுத்து நீளமாகவும் சுருட்டி வைத்துவிட்டால் இன்னும் எத்தனையோ மடங்கு.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நம் 230 வோல்ட்டில் இழுக்கும் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். சுருளின் தடை ஏறத்தாழ 53 ஓம். சுவரிலிருந்து பெட்டி வரை வரும் ஒன்றரை மீட்டர் கம்பிக்குள் போக ஒன்று, வர ஒன்று என்று மொத்தம் மூன்று மீட்டர் செம்பு. அதன் தடை 0.07 ஓம் அளவுதான். சுருளில் நொடிக்கு 1000 ஜூல் வெப்பம் பிறக்கும் அதே நொடியில் கம்பியில் பிறப்பது 1.3 ஜூல். அதுவும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பரவிப் போய்விடுகிறது. என் பத்து வயது விரலுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் மாமா சொன்னதும் பொய்யில்லை. கம்பியும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவர் ஒரு சாராய ஆலைக்காரரின் மகன். சரியாகச் சொன்னால் பீர் ஆலை. இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1840இல், இருபத்திரண்டு வயது நிறையாத பையன், கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றித் தண்ணீரில் மூழ்க வைத்து, மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது. பீர் காய்ச்சும் வீட்டில் வெப்பமானியைக் கூர்ந்து படிக்கும் பழக்கம் இருந்தது, அது போதுமாயிருந்தது. அவர் கண்டது இதுதான்: வெப்பம் தடையைப் பொறுத்து நேராகக் கூடும், மின்னோட்டத்தைப் பொறுத்து வர்க்கமாகக் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. 1841இல் கட்டுரை அச்சாயிற்று. அடுத்த ஆண்டே ருஷ்யாவில் லென்ஸ் என்பவர் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்.

இந்த வர்க்கம் என்ற ஒரு சொல்லைத்தான் இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மீதியை மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

முன்வரிசையில் தம்பி ஒருவர் நெற்றியைச் சுருக்குகிறார். எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் அது. "தடை அதிகமானால் சூடு அதிகம் என்கிறீர்கள். 2200 வாட் கெட்டிலின் தடையைக் கணக்கிட்டால் 24 ஓம்தான் வருகிறது. இஸ்திரிப் பெட்டிக்கு 53. கெட்டில்தானே அதிகமாகச் சூடாக்குகிறது?" அதுதானே தம்பி? சரியான கேள்வி. கம்பியும் சுருளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், அதனால் தடை அதிகமுள்ள இடம் சுடும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அப்படியில்லை. இரண்டும் தனித்தனியாகச் சுவரில் மாட்டியவை, இரண்டுக்கும் கிடைப்பது ஒரே 230 வோல்ட். தடை குறைந்தது எதுவோ அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இழுப்பு கூடினால் வர்க்கம் வேலையைக் காட்டிவிடும். எது மாறாமல் இருக்கிறது, மின்னோட்டமா, மின்னழுத்தமா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சுருளுக்கு வேண்டிய உலோகத்தைக் கண்டுபிடிக்கத்தான் காலம் பிடித்தது. நியூயார்க்கில் ஹென்றி சீலி 1882இலேயே மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சுருள் நிலைத்து நிற்க வேண்டுமே. இரும்புக் கம்பி செந்தணலாகக் காய்ந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை அரித்துத் தின்றுவிடும். பிளாட்டினம் தாக்குப்பிடிக்கும், விலைதான் தாக்குப்பிடிக்காது. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் நிக்கல்–குரோமியக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் சூட்சுமம் எளிது: சூடானதும் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கும். ஒரு முறை அரித்து, அந்த அரிப்பையே கவசமாக்கிக்கொள்ளும் உலோகம். டோஸ்டர், ஹேர் டிரையர், ரைஸ் குக்கரின் தட்டு என்று உங்கள் வீட்டில் எது வெப்பம் தருகிறதோ அதில் பெரும்பாலும் இதுவோ இதன் உறவினரோ இருக்கும்.

ரைஸ் குக்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சோறு வெந்ததும் 'டக்' என்று சத்தம் வருகிறதே, அது எப்படித் தெரிந்துகொள்கிறது? பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடித்தட்டு எவ்வளவு கொடுத்தாலும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள் போனதும் அடிப்பகுதி 100ஐத் தாண்டி ஏறும். பானைக்கு அடியில் ஒரு காந்தத் துண்டு இருக்கிறது, நூறுக்குச் சற்று மேலே போனால் காந்தத்தன்மையை இழக்கும்படி செய்யப்பட்டது. பிடி விட்டதும் ஸ்பிரிங் விசையைத் தள்ளிவிடுகிறது. டக். சோற்றைப் பார்க்கவுமில்லை, பதம் பார்க்கவுமில்லை. சாதாரண குக்கர்களில் இன்றும் இதே ஏற்பாடுதான்.

குளியலறை வாட்டர் ஹீட்டரையும் பார்த்துவிடுவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி, தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் ஓட ஓடச் சுடவைக்கும். 3300 வாட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் அது தண்ணீரை 16 டிகிரி அளவுக்கு உயர்த்தும். நம் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வருகிறது. 44, அருமையான குளியல். இதே பெட்டியை டிசம்பர் மாதம் ஊட்டிக்கு எடுத்துப்போய்ப் பன்னிரண்டு டிகிரித் தண்ணீரில் மாட்டினால் 28தான் வரும். ஊட்டி உறவினர்கள் ஏமாற்றுப் பெட்டி என்பார்கள். பெட்டி ஏமாற்றவில்லை. இங்கே பாதி வேலையை வெயில் செய்து கொடுத்துவிடுகிறது.

சூடு வேண்டாத இடத்திலும் சூடு வந்ததை நம் ஆட்கள் வீணாக்கவில்லை. வடையும் கறிபஃப்பும் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு ஒன்று எரியும், பார்த்திருப்பீர்கள். பழைய குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் வெளிச்சமாக்கும், மிச்சம் எல்லாம் வெப்பம். விளக்காக அது படு மோசம். வடைக்கு அது சின்ன அடுப்பு. நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சுக் கொட்டகையிலும் இதே உத்திதான். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் சிக்கனம் என்று எல்இடி மாட்டினார். வெளிச்சம் பிரமாதம். மாலைக்குள் வடை எல்லாம் குளிர்ந்து போயிற்று.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன். அது உங்கள் காலுக்கு அடியில் இருக்கிறது.

டோபி காட் நிலையத்தில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. வடக்கு–தெற்குத் தடம் 1987 டிசம்பரில் இங்கே வந்தது. வடகிழக்குத் தடம் 2003 ஜூனில். வட்டத் தடம் 2010 ஏப்ரலில். வடக்கு–தெற்கும் வட்டத் தடமும் ஓடுவது 750 வோல்ட் நேர் மின்சாரத்தில். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். வடகிழக்குத் தடம் மட்டும் 1500 வோல்ட். அதற்கு மேலே கம்பி. ரயிலின் கூரையில் கை ஒன்று நீண்டு அதைத் தொட்டுக்கொண்டே போகும். தேக்கா போகிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அதில்தான் போகிறீர்கள். வடக்கு–தெற்குத் தடத்துக்கும் வடகிழக்குத் தடத்துக்கும் இடையே நகரும் படிக்கட்டில் இறங்கி ஏறும்போது, 750இலிருந்து 1500க்குப் போகிறீர்கள் என்று எத்தனை பேர் நினைத்திருப்பீர்கள்?

எதற்கு இந்த இரட்டிப்பு? ஒரு ரயில் கிளம்பும் வேகத்தில் 3 மெகாவாட் இழுக்கிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 750 வோல்ட்டில் அதற்கு 4000 ஆம்பியர் வேண்டும். 1500 வோல்ட்டில் 2000 போதும். மின்னோட்டம் பாதி. ஜூலின் வர்க்கத்தை நினைவுபடுத்துங்கள்: ஒரே தடையுள்ள வழியில் வீணாகும் வெப்பம் பாதியல்ல, கால்வாசி. ரயிலுக்குப் போகும் வேலை அதேதான். வழியில் சுரங்கத்தைச் சூடாக்கும் வீண் மட்டும் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஏன் எல்லாத் தடத்திலும் இதைச் செய்யவில்லை என்று கேட்கலாம். வோல்ட்டைக் கூட்டினால் தரைமட்டத்தில் வைப்பது ஆபத்து, மேலே கொண்டுபோக வேண்டும். மேலே கொண்டுபோனால் சுரங்கம் உயரமாக வேண்டும். மண்ணுக்கடியில் ஒவ்வொரு சாணும் காசு. எந்தப் பொறியாளரும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்குகிறார்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிடித்த மின்சாரத்தை ஏறத்தாழ 90 மைல் தாண்டிக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று. வீட்டு வோல்ட்டில் அனுப்பியிருந்தால் முழுவதும் வழியிலேயே சூடாகிக் காற்றோடு போயிருக்கும். பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, மின்னோட்டத்தைச் சிறுத்து அனுப்பினார்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பலர் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். சிங்கப்பூரிலும் இன்று 400 கிலோவோல்ட் கேபிள்கள் தரைக்கு அடியில், சில இடங்களில் அறுபது மீட்டர் ஆழத்துச் சுரங்கத்தில் போகின்றன. அவ்வளவு உயர்த்தியும் கேபிள்கள் சுடுகின்றன, சுரங்கத்துக்குள் காற்றோட்டம் வைத்துத்தான் வெப்பத்தை வெளியே தள்ளுகிறார்கள். குறைக்கலாம். ஒழிக்க முடியாது.

"கரி எங்கே?" என்ற என் பழைய கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இயற்கை எரிவாயுவை எரித்துக் கிடைப்பது. நெருப்பு அணையவில்லை. ஜூரோங் தீவுக்கும் துவாஸுக்கும் குடிபோய்விட்டது. அங்கே எரித்த வெப்பத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிட்டுத்தான் மின்சாரமாக்குகிறோம். அதை இங்கே கொண்டுவந்து மறுபடி வெப்பமாக்குகிறோம். சட்டை தேய்க்க இது சுற்றுவழிதான். ஆனால் மாமாவின் கண் எரிந்த புகையும் வேட்டியில் விழுந்த பொறியும் இல்லை. நான் இந்தச் சுற்றுவழிக்கே ஓட்டுப் போடுவேன். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற மாணவி இஸ்திரி வண்டியின் கூரையில் சூரியத் தகடு வைத்து, கரியே வேண்டாத வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசவும் செய்தார். மாமா இருந்திருந்தால் முதல் வண்டி அவருக்குத்தான் என்று அடம்பிடித்திருப்பார்.

இப்போது கெட்ட செய்தி. இதுவரை சொன்ன சூடெல்லாம் நாம் வேண்டும் என்று வைத்த இடத்தில் பிறந்தது. வேண்டாத இடத்தில் பிறந்தால்?

எல்லாருக்கும் தெரிந்த வகை, ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் மாட்டுவது. கெட்டில் 9.6 ஆம்பியர், இஸ்திரிப் பெட்டி 4.35. இரண்டும் சேர்ந்தால் 14ஐ நெருங்குகிறது. நம் மூன்று முள் பிளக்கின் உச்ச அளவு 13. "அதற்குத்தான் பிளக்குக்குள் பியூஸ் இருக்கிறதே" என்பீர்கள். 13 ஆம்பியர் பியூஸ் 14இல் உருகாது, வெகுநேரம் பொறுத்துக்கொள்ளும். கூட ரைஸ் குக்கரையும் மாட்டினால் பியூஸ் தயங்கித் தயங்கி முடிவெடுப்பதற்குள் மலிவான எக்ஸ்டென்ஷனின் உள்தகடு சுட்டிருக்கும். சாதாரணக் கம்பி உறை தாங்கும் சூடு 70 டிகிரிதான். கம்பியைச் சுருட்டி வைத்தே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியே இல்லை. ஊரில் இதைவிட மோசம். பியூஸ் போனால் பியூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். காவல்காரன் அடிக்கடி சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவது அது.

இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். தளர்ந்த இணைப்பு. பிளக்கின் முள்ளைச் சாக்கெட்டுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் கவ்விப் பிடிக்கின்றன. நாள்பட அந்தப் பிடி தளரும். அல்லது கம்பியை இறுக்கும் திருகு ஒன்று லேசாகக் கழன்றிருக்கும். தொடும் பரப்பு ஊசிமுனை அளவுக்குக் குறையும். அங்கே 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள், கெட்டில் அதன் வழியே 9.6 ஆம்பியர் இழுக்கிறது. வெப்பம் 18 வாட். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். நாங்கள் ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் சக்தி அவ்வளவுதான், அது 183 டிகிரியில் உருகும் ஈயப் பற்றாசை நொடியில் உருக்குகிறது. அதைச் சுவருக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், தெரியாமல் வைத்திருக்கிறோம். சூடேறினால் தகட்டின் விறைப்பு இன்னும் போகும், மேற்பரப்பு கறுத்துத் தடை கூடும், கூடினால் சூடு இன்னும் ஏறும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வியாதி.

இதில் கொடுமை என்னவென்றால் எந்தக் காவல்காரனுக்கும் இது தெரியாது. மெயின் பெட்டியிலுள்ள எம்சிபி, அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் விழும். இங்கே மின்னோட்டம் கூடவே இல்லையே. ஆர்சிசிபி, மின்சாரம் உடம்பு வழியோ தரை வழியோ கசிந்தால் விழும். உயிர்காக்கும் கருவி, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது, பழைய வீடுகளுக்கும் சட்டம் இப்போது அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் இங்கே கசிவும் இல்லை. மின்சாரம் போக வேண்டிய வழியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் நெருக்கடி. அதைக் கண்டுபிடிக்க உங்கள் மூக்கும் கையும்தான் உண்டு.

மூக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஒரு முறை சுத்த சைவ வீடு ஒன்றுக்கு அழைத்தார்கள். மூன்று நாளாகச் சமையலறையில் மீன் நாற்றம். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி கோபத்தில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். நான் கெட்டில் மாட்டும் சாக்கெட்டைக் கழற்றினேன். பின்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் வெந்திருந்தது. மின்சாதனங்களில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக் சூட்டில் சிதையும்போது அப்படித்தான் மீன்வாடை வரும். திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. புதுச் சாக்கெட் மாட்டினேன். பாட்டி பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா பாயசம் அனுப்பினார்.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை எக்ஸ்டென்ஷனில் அதிகம் மாட்டாதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறது. அதோடு ஒன்றே ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். நாளைக் காலை சட்டை தேய்த்து முடித்ததும், அல்லது கெட்டில் கொதித்து நின்றதும், சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிக் கையில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. பிடிக்க முடியாமல் சுட்டால், முள் கறுத்திருந்தால், சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம் இருந்தால், அதில் மறுபடி எதையும் மாட்டாதீர்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை காப்பியைக் கீழே காப்பிக்கடையில் குடித்துக்கொள்ளலாம்.

மணி ஒன்பதரை ஆகிறது. வடகிழக்குத் தடத்தில் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதல் கேள்வி, நெற்றியைச் சுருக்கிய அந்தத் தம்பிக்கு.